புத்திரசுவிகாரத்துக்கான காத்திருப்பு: மார்த்தாண்டம் தம்பதியின் மூன்று கேள்விகளுக்குப் பதில்

மார்த்தாண்டம் பக்கத்தைச் சேர்ந்த நீங்கள் இருவரும் பன்னிரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவில் வசிக்கிறீர்கள். கணவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர், மனைவி இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்து பதினெட்டு மாதங்கள் ஆகியும் எந்த அழைப்பும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தாமதம் எதனால், இதற்கிடையில் ஊரில் கன்னியர் நடத்தும் குழந்தைகள் இல்லத்தில் நேரடியாகக் கேட்டுப் பெறலாமா, அதுவும் ஆகாதென்றால் மனைவியின் அக்காள் மனமுவந்து தருவதாகச் சொல்லும் அவருடைய மூன்றாவது பிள்ளையை எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்பவை உங்கள் கேள்விகள். என் தம்பியும் அவன் மனைவியும் டெக்சாஸில் இருந்துகொண்டு இதே பாதையில் இரண்டு ஆண்டு ஏழு மாதம் காத்திருந்தார்கள். இங்கே அவர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவன் நான் என்பதாலும், அதன் பிறகு நம் மாவட்டத்தில் வேறு சில குடும்பங்களுக்கும் இந்தக் காகிதங்களில் உதவியிருப்பதாலும், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் கிறிஸ்தவர்களான நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள், 49 விழுக்காட்டினர் இந்துக்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறோம். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும் ஒன்றாகவே போகிறோம். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் தத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதைப் பார்த்து, நாமும் அப்படியே செய்யலாம் என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் பத்திரத்துக்கு அடிப்படையாக இருப்பது 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். அது இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்களுக்கு உரியது, நமக்குப் பொருந்தாது. நானும் இதை அறியாமல், தம்பி முதன்முதலில் விருப்பம் தெரிவித்தபோது நகரில் ஒரு வழக்கறிஞரிடம் போய் நின்றேன். அவர் முத்திரைத்தாள் வாங்கச் சொல்லி, முன்பணமும் பெற்றுக்கொண்டு, உறவுக்காரப் பெண் ஒருவரின் பிறக்கவிருந்த குழந்தைக்குத் தத்துப் பத்திரம் தயாரித்தே கொடுத்தார். அந்தத் தாள் எங்களுக்கு எந்த வகையிலும் பயன்படாது என்பது, கையெழுத்திடுவதற்கு இரண்டு நாள் முன்பு, வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது, ஏனென்றால் தாயின் மடியிலிருந்து ஒரு பிள்ளையைப் பிரித்து எடுத்துவிட்டு, விமான நிலையத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்போம்.

முன்பெல்லாம் கிறிஸ்தவர்களுக்கு இருந்த ஒரே வழி 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம். அதன்கீழ் நீங்கள் குழந்தைக்குப் பாதுகாவலர் ஆகலாம், பெற்றோர் ஆக முடியாது. இந்த நிலையை மாற்றியது இளைஞர் நீதிச் சட்டம். இப்போது நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டின் சட்டம் மத வேறுபாடின்றி எல்லோருக்கும் தத்தெடுக்கும் வழியைத் திறந்திருக்கிறது. அதன் 63ஆம் பிரிவின்படி, உத்தரவு நடைமுறைக்கு வரும் நாள் முதல் அந்தக் குழந்தை உங்களுக்குப் பிறந்த குழந்தையாகவே, சொத்துரிமை உட்பட எல்லா நோக்கங்களுக்கும், கருதப்படும். திருவிதாங்கூர் காலத்து 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தை இன்னும் மனத்தில் வைத்துப் பேசும் பெரியவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்போடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. இன்று நமக்கு இருப்பது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். ஆகவே, தத்துப்பிள்ளைக்குக் குடும்பச் சொத்தில் பங்கு வருமா என்று உங்கள் சித்தப்பா கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்.

இனி, அக்காளின் பிள்ளை. இந்தியச் சட்டம் உறவினர் தத்தெடுப்பை ஏற்கிறது. தாய் தந்தையரோடு உடன்பிறந்தவர்களும் தாத்தா பாட்டிகளும் உறவினர் என்ற வரையறைக்குள் வருவதால், குழந்தைக்குச் சித்தியான உங்களுக்குத் தகுதி உண்டு. வெளிநாட்டில் வாழும் உறவினர் தத்தெடுப்பதற்கென்றே அந்த 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் 60ஆம் பிரிவு இருக்கிறது. மாவட்ட ஆட்சியரின் உத்தரவும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான ‘காரா’வின் தடையின்மைச் சான்றும் வேண்டும். தடை அமெரிக்கப் பக்கத்தில் இருக்கிறது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையின்கீழ் வரும் குழந்தையைப் பெற்ற இருவரும் உயிரோடு இருந்தால், அவர்கள் அக்குழந்தையை முறையாகப் பராமரிக்க இயலாதவர்கள் என்று நிறுவப்பட வேண்டும் என்கிறது அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம். உங்கள் அக்காளுக்கு வீடு இருக்கிறது, ரப்பர் தோட்டம் இருக்கிறது, அத்தானுக்கு வேலை இருக்கிறது. அவர்கள் அன்பினால் கொடுக்கிறார்கள், ஆனால் அன்பினால் கொடுப்பது அந்த விசாவுக்குப் போதுமான காரணம் ஆகாது. இங்கே உத்தரவு வாங்கிவிட்டு அங்கே விசா மறுக்கப்பட்டால், அந்தப் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளையாகவும் நடைமுறையில் பாட்டி வீட்டில் வளரும் பிள்ளையாகவும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இதைச் செய்யாதீர்கள் என்றே உறுதியாகச் சொல்வேன்.

கன்னியர் இல்லத்தில் கேட்கலாமா என்ற கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த நாள் முதல், பள்ளியோடும் ஆஸ்பத்திரியோடும் விடுதியோடும் வளர்ந்த மாவட்டம் இது. ஆதரவற்ற பிள்ளை என்றால் நம் மனம் முதலில் திருச்சபை நடத்தும் இல்லத்தைத்தான் நினைக்கிறது. சிஸ்டர்மாரைத் தெரியும், சபைப் போதகரான ஐயரும் ஒரு கடிதம் தருவார், பிறகென்ன என்று எண்ணுகிறோம். ஆனால் இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தத்துக்கு உரியவர்கள் அல்லர். தாய்க்கு வருமானமில்லை, தகப்பன் கடலில் போனான், வீட்டில் குடி என்று ஏதோ ஒரு காரணத்தால் படிப்புக்காக அங்கே தங்கியிருக்கிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறார்கள். பெற்றோர் இல்லாத, கைவிடப்பட்ட, அல்லது பெற்றவரால் ஒப்படைக்கப்பட்ட ஒரு குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு விசாரித்து, தத்துக்குச் சட்டப்படி தகுதியானது என்று அறிவித்தால்தான் அது தத்துக்கு வரும். அதுவும் அரசு அங்கீகரித்த சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனத்தின் வழியாகவும் காராவின் இணையப் பதிவின் வழியாகவும் மட்டுமே. நேரடியாகக் கைமாறும் குழந்தை, கொடுத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் குற்றமே.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று என் தம்பி ஒருநாள் தொலைபேசியில் கோபப்பட்டான். அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 2005இல் சென்னையில் ஒரு வழக்கு வெளிப்பட்டது. நடைபாதையில் பெற்றோருக்குப் பக்கத்தில் உறங்கிய சின்னஞ்சிறு குழந்தைகள் திருடப்பட்டு, வேறு பெயரும் பொய்யான ஆவணங்களும் கொடுக்கப்பட்டு, வெளிநாட்டுக் குடும்பங்களுக்குத் தத்தாகப் போயிருந்தார்கள். அந்தக் குடும்பங்கள் கெட்ட எண்ணம் கொண்டவை அல்ல, உங்களைப் போலவே ஏங்கிக் காத்திருந்தவை. அதற்கு முன்பே 1984இல், லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில், உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு நெறிமுறைகளை வகுத்திருந்தது. காரா அமைப்பே அந்தத் தீர்ப்பின் வழியில் 1990இல் உருவானதுதான். நம் கரையிலேயே 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நான் கண்ட ஒன்றும் உண்டு. குளச்சலில் நிவாரண வேலைக்குப் போயிருந்த எங்களுக்கு, வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களிடமிருந்து, அநாதையான ஒரு குழந்தையைத் தங்களுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று அழைப்புகள் வந்தன. அதே வாரத்தில், யாருமில்லை என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு சிறுவனைத் தேடி, கால் முழுக்கக் காயத்தோடு, அவன் தாய்மாமன் முகாமுக்கு நடந்து வந்தார். அன்று அவசரப்பட்டு அவனை யாரிடமாவது கொடுத்திருந்தால் அந்த மனிதர் எங்கே போய்த் தேடியிருப்பார்?

உங்கள் முதல் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி இதிலேயே அடங்கியிருக்கிறது. குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாத அவகாசத்தைச் சட்டம் தருகிறது. கைவிடப்பட்ட குழந்தைக்குப் பெற்றோரைத் தேடி, இரண்டு வயதுக்குட்பட்டதென்றால் இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்டதென்றால் நான்கு மாதத்துக்குள்ளும் முடிவெடுக்க வேண்டும். உங்கள் காத்திருப்பின் இந்தப் பகுதி அந்தக் குழந்தைக்கும் அதைப் பெற்றவளுக்கும் உரிய காலம். அதில் நாம் கை வைக்கக் கூடாது. மற்றொரு பகுதி வெறும் எண்ணிக்கை. 2024–25இல் நாடு முழுவதும் காரா வழியாக நடந்த தத்தெடுப்புகள் 4,515. அவற்றில் 4,155 உள்நாட்டுக்குள் நடந்தவை. வரிசையில் நிற்கும் பெற்றோரோ பல பத்தாயிரம் பேர். இந்தியக் குடிமக்களாய் வெளிநாட்டில் வாழ்பவர்கள், இங்கே வாழ்பவர்களுக்குச் சமமான முன்னுரிமை பெறுகிறார்கள் என்பது ஆறுதல்தான் என்றாலும், வரிசை நீளமானது. ஆரோக்கியமான சிறு குழந்தையே வேண்டும் என்றால் மூன்று ஆண்டுகளையும் தாண்டலாம்.

உங்கள் பதினெட்டு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு, வீட்டு ஆய்வறிக்கை உட்பட எல்லா ஆவணங்களும் காராவின் இணையதளத்தில் ஏறிய நாளே வரிசையைத் தீர்மானிக்கிறது. நீங்கள் அமெரிக்க முகமையில் முதல் விண்ணப்பம் கொடுத்த நாள் அல்ல. என் தம்பி இந்த வேறுபாட்டை அறியாமல் ஏழு மாதத்தைக் கூடுதலாக எண்ணிக்கொண்டிருந்தான். வயதும் ஒரு கணக்கு. 2022ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி கணவன் மனைவி இருவர் வயதும் சேர்ந்து 85க்குள் இருந்தால்தான் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை. 90 என்றால் நான்கு வயது வரை, 100 என்றால் எட்டு வயது வரை. தம்பிக்கும் அவன் மனைவிக்கும் சேர்த்து 87. கைக்குழந்தை என்ற எண்ணத்தை அவர்கள் அன்றே விட வேண்டியதாயிற்று.

அதை விட முடியாமல் இருந்தது எங்கள் அம்மா. தம்பி பிறந்தபோது அயனிப் பலகையில் செய்த தொட்டில் ஒன்று மச்சில் கிடந்தது. பதிவு செய்த செய்தி கேட்ட வாரமே அதை இறக்கிக் கழுவி, வெயிலில் காயவைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, முன்னறை உத்தரத்தில் மாட்டிவிட்டார். சபையில் எல்லோரும் சேர்ந்து விருந்துண்ணும் அசனப் பண்டிகை அன்று பெண்கள் கூடினால், “டெக்சாஸ்காரிக்கு விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்பார்கள், அம்மா தத்தெடுப்பு என்று சொல்லத் தயங்கி, “ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்வார். அவர்களும், நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து பிறகு பெற்ற வேதாகமப் பெண்களான சாராளையும் அன்னாளையும் எலிசபெத்தையும் சொல்லித் தேற்றுவார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள், ஆயினும் அந்த உதாரணங்கள் என் தம்பி மனைவியைக் குத்தின. தன் வழி இரண்டாந்தரமானது என்று அவளுக்குப் பட்டது. எங்கள் ஐயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோமர் எட்டாம் அதிகாரத்தை எடுத்து, ‘புத்திரசுவிகாரத்தின் ஆவி’ என்று நாம் சிறு வயது முதல் ஒப்பிக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே தத்தெடுத்தல்தான் என்று விளக்கினார். தகப்பனும் தாயும் இல்லாத எஸ்தரை மொர்தெகாய் தன் குமாரத்தியாக வளர்த்ததையும் சொன்னார். அன்று மாலை அம்மா தொலைபேசியில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், “நாங்கள் பிள்ளை தத்தெடுக்கிறோம்” என்று உரக்கச் சொல்வது என் காதில் விழுந்தது. உங்கள் வீட்டில் இந்தச் சொல் இன்னும் வெளியே வரவில்லை என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து ஊகிக்கிறேன். ஊரில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். குழந்தை வந்த பிறகு சொல்வதைவிட அது எளிது.

காத்திருக்கும் காலத்தில் வீட்டு ஆய்வு செய்யும் சமூகப் பணியாளர் உங்களைப் பல முறை சந்திப்பார். கிறிஸ்தவக் குடும்பங்களிடம் அவர்கள் தவறாமல் கேட்பது பிள்ளைகளைத் தண்டிக்கும் முறை பற்றி. பிரம்பைப் பற்றிய நீதிமொழியைக் கேட்டு, அந்தப் பிரம்பாலேயே அடி வாங்கி வளர்ந்தவர்கள் நாம். ஏற்கெனவே கைவிடப்பட்டும் இடம் மாறியும் வந்த குழந்தையின் மேல் கை ஓங்கக் கூடாது என்று எழுதித் தரச் சொன்னார்கள். தம்பி சற்று யோசித்துவிட்டுக் கையெழுத்திட்டான். சடங்குக்காகப் போடும் கையெழுத்தாக அதை நினைக்காதீர்கள். குழந்தையின் மதம் என்னவாக இருந்தாலும் உங்கள் வீட்டில் அது உங்கள் விசுவாசத்தில் வளரலாம். ஆனால் உத்தரவு வரும்வரை ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க வேண்டாம், பெயரும் மாற்ற வேண்டாம்.

அழைப்பு வந்தால் எல்லாம் விரைவாக நடக்கும். குழந்தையின் புகைப்படம், ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை ஆகியவை வரும். முடிவைச் சொல்ல மணிக்கணக்கில்தான் அவகாசம். தம்பிக்கு அது அங்கே நள்ளிரவில் வந்தது. மருத்துவ அறிக்கையை எனக்கு அனுப்பினான். நான் அதை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் ஓடினேன். எடை வயதுக்குக் குறைவு, தலைச் சுற்றளவு சரியாக இருக்கிறது, ரத்தசோகை உண்டு, பேச்சு தாமதம், இவற்றில் எதுவும் அஞ்சத்தக்கது அல்ல என்று அவர் பென்சிலால் ஓரத்தில் குறித்துக் கொடுத்தார். இப்படி ஒரு மருத்துவரை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு வரிசை முக்கியம்: முதலில் அந்தக் குறிப்பிட்ட குழந்தைக்காக அமெரிக்கக் குடியேற்றத் துறை தரும் ஐ-800 தற்காலிக அனுமதியும், ஹேக் உடன்படிக்கையின்படி தூதரகம் தரும் ஐந்தாம் உறுப்புக் கடிதமும், அடுத்து காராவின் தடையின்மைச் சான்று, அதன் பின்னரே உத்தரவு. 2022 செப்டம்பர் முதல் உத்தரவைப் பிறப்பிப்பவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. பிறகு பெற்றோராக உங்கள் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, தத்தெடுப்பு ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்னும் இணக்கச் சான்று, விசா என்று தொடரும்.

குழந்தை ஒடிசாவில் ஓர் இல்லத்திலிருந்து வந்தாள். வயது மூன்று ஆண்டு நான்கு மாதம். விசாவுக்காகக் காத்திருந்த இடைவெளியில் ஊருக்கு அழைத்து வந்தார்கள். முதல் இரண்டு நாளும் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அடுக்களை வாசலில் நின்று “பாணி” என்றாள். அம்மாவுக்குப் புரியவில்லை. செம்பைக் கை காட்டிய பிறகுதான் தண்ணீர் என்று தெரிந்தது. அம்மா தண்ணீரோடு ஒரு மட்டிப்பழத்தையும் உரித்துக் கொடுத்தார். அவள் அதைத் தின்னாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே உறங்கிப்போனாள். உணவு கையில் இருந்தால்தான் உறக்கம் வரும் என்ற அந்தப் பழக்கம் போக ஆறேழு மாதம் ஆயிற்று. தொட்டிலில் படுக்க அவள் பெரியவள் ஆகிவிட்டதால், அம்மா தச்சரை வரவழைத்துப் பக்கச் சட்டங்களைக் கழற்றி, அதே சங்கிலியில் அடிப்பலகையை ஊஞ்சலாகக் கட்டச் செய்தார்.

வீட்டுக்குக் கொண்டு சென்ற பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு அறிக்கைகள் அனுப்ப வேண்டும். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இப்போதைக்கு, இந்த வாரமே உங்கள் முகமைக்கு எழுதி இரண்டு விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். காராவின் வரிசையில் உங்களுக்குரிய தேதி எது என்பது ஒன்று. நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை தரும் ஐ-800ஏ ஒப்புதல் எந்த நாளில் காலாவதியாகிறது என்பது மற்றொன்று. அந்த ஒப்புதலும் கைரேகைப் பதிவும் 15 மாதங்களுக்கே செல்லும். நீங்கள் பதிவு செய்து பதினெட்டு மாதம் ஆகிறது என்பதால், நீட்டிப்புக்கு யாராவது விண்ணப்பித்தார்களா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.